பொந்துக்கு இரண்டு வாய்

முதலில் சோப்பு போனது. சிவப்பு சோப்பு,
போகட்டும் என்று விட்டேன்.
அடுத்த வாரம் ஜெபினின் கணக்கு நோட்டில்
ஏழாம் வாய்ப்பாடு மட்டும் காணோம்.
அவன் சொன்னதை டீச்சர் நம்பவில்லை.
நானும்தான்.

சயான் கோலிவாடாவில்
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
இதில் எலி ஒளிய இடமிருக்கிறது,
எனக்கு உடை மாற்ற இடமில்லை.

வெங்காயத்தை நறுக்கி மூலைக்கு மூலை வை என்றாள் டெய்சி அக்கா.
வைத்தேன். விடிந்ததும் மூலைகள் துடைத்த மாதிரி இருந்தன.
கிலோ நாற்பது விற்கிற வெங்காயம்.
அந்துருண்டை போட்டேன்.
சேலைக்கும் சாம்பாருக்கும் ஒரே வாசனை,
தவசி தட்டைத் தள்ளிவிட்டு டெம்போ எடுக்கப் போனார்.
கோதுமை மாவில் சோடா உப்பும் சர்க்கரையும் பிசைந்து
கோலிக்குண்டாய் உருட்டி எண்ணி வைத்தேன், பதினொன்று.
காலையிலும் பதினொன்று.
வரிசை மட்டும் மாறியிருந்தது.

மிளகாய்த்தூள்தான் கேட்டது.
பொந்தின் வாயில் இரண்டு கரண்டி கொட்டி
டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.
மூன்று நாள் சத்தமில்லை.
நான்காம் நாள் சுவருக்கு அந்தப்புறம்
மங்கல் தும்மினாள். ஒரு டப்பா உருண்டது.
"உந்தீர்! உந்தீர்!"

அவளுக்கும் எனக்கும் எட்டு மாதமாய்ப் பேச்சில்லை.
குழாயடியில் என் குடத்தை அவள் தள்ளி வைத்தாள்,
அல்லது அவள் குடத்தை நான்.
இப்போது குடம் மறந்துவிட்டது,
கோபம்தான் மறக்கவில்லை.
படுத்துக்கொண்டே சிரித்தேன். சொல்வதற்கென்ன.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொந்திலிருந்து
கிராம்பு வாசம் வந்தது.
பின்னாலேயே அவையும் வந்தன.

நான் புதினா எண்ணெயில் பஞ்சு நனைத்து வைப்பேன்,
அவள் பூண்டு நசுக்கி வைப்பாள்.
பண்டிகைக்கு ஊர் போகிறவர்கள் மாதிரி
எலிகள் போய்ப் போய் வந்தன,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சதை போட்டு.

கடைசியில் பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருளைத்
திணித்தேன், கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி.
ஒரு சாண் போனதும் எதிலோ முட்டியது.
கரகரவென்று இரும்போடு இரும்பு.
நான் குத்தினேன்.
அது திருப்பிக் குத்தியது.

கரண்டியைக் கீழே வைத்தேன்.
அங்கேயும் ஒரு கரண்டி தரையைத் தொடும் சத்தம்.
"கோண்?"
"நான்தான்" என்றேன் தமிழில்,
கன்னத்தைத் தரையில் வைத்து, பொந்தைப் பார்த்து.

சுருள்களை இழுத்ததும்
நடுவிலிருந்த கூடு என் பக்கம் சரிந்தது. காலிக் கூடு.
ஏழாம் வாய்ப்பாடு, ஏழெட்டு ஐம்பத்தாறு வரை வாசிக்க முடிந்தது.
ரேஷன் கார்டு ஜெராக்ஸில் தவசியின் பாதி மூஞ்சி.
இவற்றைச் சுற்றிப் பச்சைச் சரிகை நூல்,
அது என்னுடையதில்லை.
மகள் கல்யாணத்துக்கு அவள் கட்டிய புடவை,
குடத்தோடு நின்று நான் வயிறெரிந்த புடவை.
கூடவே சர்க்கரை மாத்திரை அட்டை ஒன்று.
நானும் அதைத்தான் விழுங்குகிறேன்,
எவள் வீட்டிலிருந்து போனதோ.

எலி வளையானாலும் தனி வளை வேண்டுமாம்.
எலிகளைக் கேட்காமல் யாரோ சொல்லிவிட்டார்கள்.

சரிகையைப் பொந்து வழியாகவே நீட்டினேன்.
மருதாணி மங்கிய ஒரு விரல்
வாங்கிக்கொண்டது.

சிமெண்ட் அவள் வாங்கினாள். மணல் தவசி கொண்டுவந்தார்.
பழைய பாட்டிலை உடைத்துச் சில்லு கலந்தது நான்.
"ஜாலா?" "இல்ல, இரு."
கேட்டுக் கேட்டு
அவள் பக்கம் அவள், என் பக்கம் நான் பூசினோம்.

நேற்று ராத்திரி தகரக் கூரையில் கறக் கறக்.
படுத்தபடியே சுவரில் இரண்டு தட்டு தட்டினேன்.
அங்கிருந்தும் இரண்டு.
கொஞ்ச நேரம் கழித்து
மிக்ஸி ஓடுகிற சத்தம், மணி பன்னிரண்டரைக்கு,
அப்புறம் ஒரு தும்மல்.