எட்டுப் பவுன்

கொரடாச்சேரி தாண்டி இரண்டாவது வளைவு.
சாலையெல்லாம் வைக்கோல். அதற்குள்
அறுப்பு மிஷின் ஏதோ உதிர்த்துவிட்டுப் போன
இரும்புத் துண்டு.
பார்த்ததற்கும் ஏறியதற்கும் நடுவே
ஒரு ‘ஐயோ’வுக்கும் இடமில்லை.
இடது முன்சக்கரம். டங்.

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன்.
டயர் டயராகத்தான் இருந்தது.
கை விரலால் ஒரு சுற்றுத் தடவினேன்,
வளையல் ஒடுக்குப் பார்ப்பதுபோல.
பருவம் தப்பிய மழை; வடியாத ஓரம்;
செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
கார் வெளியே வர நாலு பேர் தள்ளினார்கள்.

மறுநாள் தொடங்கியது.
அறுபதில் ஒன்றுமில்லை.
எழுபதைத் தொட்டதும் ஸ்டியரிங்கில் ஒரு சிலிர்ப்பு.
எண்பதில் மணிக்கட்டு வரை நடுக்கம்.
தொண்ணூற்றைந்தில் தணிந்துவிடுகிறது,
பொய் சொன்னவன் உரக்கப் பேசி நிமிர்வதைப்போல.

மூன்று நாள் அதோடுதான் போனேன்.
கூட்டுறவு வங்கிக் கிளைகளில் நகை உரசுகிறவன் நான்.
விரல் நடுங்கினால் சம்பளம் நடுங்கும்.

மூன்றாம் நாள் குணவதி என்பவர் வந்தார்.
மிஷின்காரனுக்கு மணிக்கணக்கில் பாக்கி,
நெல்லுக்கு இன்னும் பணம் ஏறவில்லை.
சங்கிலியை முந்தானையிலிருந்து அவிழ்த்தார்.
‘எட்டுப் பவுனுங்க.’
அரக்குக்கும் அழுக்குக்கும் கழித்தேன்.
ஏழே கால் என்று எழுதினேன்.
அவர் அழுக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
கழுத்தை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

கூத்தாநல்லூர். ஜபருல்லா பட்டறை.
‘பிரேக் போட்டா கூடுதா?’
இல்லை.
‘கைய விட்டா ஒரு பக்கமா இழுக்குதா?’
இல்லை.
ஜாக்கி போட்டான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான்.
ஆட்டமில்லை.
டயரின் கன்னத்தில் வீக்கம் தேடினான். இல்லை.
இத்தனை இல்லைக்குப் பிறகும்
நடுக்கம் மட்டும் இருந்தது.

முன்னதைப் பின்னால் மாற்றிவிட்டு,
‘ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க’ என்றான்.
வெண்ணாற்றங்கரை வரை போனேன்.
கை சும்மா இருந்தது.
இப்போது சீட் நடுங்கியது.
‘அப்ப ஸ்டியரிங் மேல தப்பில்ல, பாவம்’ என்றான்.
‘சக்கரந்தான்.’

பேலன்சிங் மிஷினில் ஏற்றிச் சுழற்றினான்.
உள்பக்கம் அறுபத்தைந்து என்று சிவப்பில் எரிந்தது.
இரும்பு இடித்ததில் ரிம் கோணியிருக்கும் என்றேன்,
மூன்று நாளாக நான் சொல்லிவருவது அதைத்தான்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
‘இடிச்ச பொறவு எங்க நிறுத்துனீங்க?’

இரும்பைப் பற்றியே யோசித்தவனுக்கு
அந்தக் கேள்வி புதிது.

ரிம்மின் உட்புறம் டார்ச் அடித்தான்.
கருங்களி.
ஒரே இடத்தில் அப்பி, காய்ந்து,
செங்கல்லாக இறுகியிருந்தது.
ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். முழுசாக விழுந்தது.
திரும்பச் சுழற்றினான். ஐந்து.

குனிந்து எடுத்தேன். பைக்குள் தராசு இருந்தது.
தொழில் புத்தி, வேறொன்றுமில்லை.
அறுபத்து நாலு கிராம், முந்நூற்றிருபது மில்லி.
எட்டுப் பவுன். சொச்சம்.
‘என்ன பாய், அடகு பிடிப்பீங்களா?’ என்றேன்.
‘ஆளுக்கு ஆள் இதத்தான் வச்சிருக்கான் இங்க’ என்றவன்
ரசீதில் நானூறு எழுதினான்.

இரும்பும் சும்மா விடவில்லை.
ரிம் விளிம்பில் நகக்கண் அளவு நெளிவு.
தட்டி எடுக்க மன்னார்குடி போகவேண்டுமாம்.
போகவில்லை.
எண்பத்தைந்தில் இன்னும் லேசாக முணுமுணுக்கிறது.

நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது.
இஞ்சினை அணைத்தேன்.
கையைச் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல்
ஏழே காலை ஒருமுறை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
சரக்கு ரயில். ஐம்பது பெட்டி இருக்கும்.
நெல் மூட்டை.
தரை அதிர்ந்தது. இது என் காரில்லை
என்று உறுதிசெய்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.