ஆயிரத்து இருநூறு சுற்று

முதலில் அது இருமல் மாதிரிதான் இருந்தது.
பிறகு யாரோ தகரப் பெட்டியில் கூழாங்கல் நிரப்பி
மாடிப்படியில் இழுத்துப் போவது மாதிரி.
பிழியும் சுற்று வந்தால்
ரூசே நகரத்தின் இந்த ஐந்தாம் மாடி முழுக்கப் பல்லைக் கடிக்கும்.
கீழ்வீட்டு பென்கா கரண்டியால்
வெந்நீர்க் குழாயைத் தட்டுவாள்.
மூன்று தட்டு என்றால் நிறுத்து.
நான்கு தட்டு என்றால் உன் பரம்பரையையே.

நான் பொருட்படுத்தவில்லை. உண்மையைச் சொன்னால்
வீட்டில் ஏதோ ஒன்று பேசிக்கொண்டிருந்தது.

ருமியானா தீரோல் மலையில்,
ஓர் ஓட்டலின் நிலவறைச் சலவைக்கூடத்தில்.
நாற்பது கிலோ கொள்ளும் ஆறு இயந்திரங்கள், அவள் ஒருத்தி.
ஞாயிற்றுக்கிழமை அழைப்பில்
நான் சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு
என் முதுகுக்குப் பின்னால் காது கொடுத்தாள்.
"அது என்ன சத்தம்?"
"துணி ஓடுது."
"துணி இல்லை. பேரிங் போச்சு.
கதவைத் திற. உருளையை மேலே தூக்கு. ஆடுதா?"
ஆடியது,
விழப்போகும் பால்பல்லாக.

புதுசு வாங்கிடலாமே என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
அவள் சொல்லாததன் விலை எனக்குத் தெரியும்:
பதினொரு நாள் படுக்கை விரிப்புகள்.

சனிக்கிழமை காலை கைப்பேசியை
ஷாம்பு பாட்டிலில் சாய்த்து வைத்தேன்.
அவள் முகம் அதில், நீராவிக்குள்.
மேல்மூடி. பெல்ட். பிறகு ஒரு கான்கிரீட் கட்டி.
துவைக்கிற பெட்டிக்குள் பாறாங்கல்லை வைத்தவன் யார் என்றேன்.
"நடுங்காம இருக்க ஒரு கனம் வேண்டாமா?"
சொல்லிவிட்டு அவளும், கேட்டுவிட்டு நானும்
கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்தோம்.

கப்பியின் போல்ட் அசையவில்லை.
அவள் சொன்னபடி சுத்தியல், மரக்கட்டை;
அவள் சொல்லாமலே வசவு.
பென்கா ஐந்து தட்டினாள்.
ஐந்துக்கு நாங்கள் இன்னும் அர்த்தம் வைக்கவில்லை.
கடைசியில் கழன்று வந்தது
துருவில் ஊறிய வளையம்,
உள்ளே குண்டுகள் மிளகாகக் கறுத்து.
ரப்பர் சீலில் நகக்கண் அளவு கிழிசல்.
இத்தனை கூச்சலும் அந்த வழியாகத்தான்
சொட்டுச் சொட்டாக நுழைந்திருக்கிறது.
"எத்தனை நாளா?"
"கவனிக்கலை."
"ம்."

சந்தைக்குப் பின்னால் ஒரு பேரிங் கடை,
மதியம் மூடிவிடும். ஓடினேன்.
எண் எழுதிய காகிதத்தைப் பார்த்துக்
கடைக்காரர் தலையை இடவலமாக ஆட்டினார்.
எங்கள் ஊரில் அதற்கு இருக்கிறது என்று பொருள்.

ஃப்ரீசரில் வை, குளிரில் சுருங்கும் என்றாள்.
போன கோடையில் அவள் கொட்டை நீக்கி வைத்த
புளிப்புச் செர்ரிப் பைகளுக்கு நடுவே வைத்தேன்.
மூன்று பை மிச்சம்.
பேரிங் உட்காரும் குழியை
அவளுடைய முடி உலர்த்தியால் சூடாக்கினேன்.
அதன் வலையில் இன்னும் ஒரு செம்பட்டை முடி;
பொசுங்கியது, நாறியது.
சுத்தியல் தேவைப்படவில்லை.
குளிர்ந்தது வெதுவெதுப்புக்குள் தானாக இறங்கி
டக் என்று உட்கார்ந்தது.
"கேட்டுச்சு" என்றாள்.

எல்லாம் பூட்டி முடிக்க இரவு பதினொன்று.
அவள் பக்கத்து ஆறும் அப்போது நின்றிருந்தன.
வெறும் உருளை. ஆயிரத்து இருநூறு சுற்று.
கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டைகளெல்லாம்
கோடுகளாகி, கோடுகளும் காணாமல் போயின.
டான்யூபில் ஒரு சரக்குப் படகு போவது கேட்டது.
இங்கிருந்து அது கேட்கும் என்பதே
எனக்கு மறந்திருந்தது.

"ஹலோ?" என்றாள் ருமியானா.
"ஒக்ன்யான்? லைன் கட்டாயிடுச்சா?
ஹலோ? இருக்கியா?"

இருக்கேன் என்றேன்.
ஓடிக்கிட்டுதான் இருக்கு என்றேன்.
நம்பவில்லை. கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப்
பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.
கீழிருந்து ஒரே ஒரு தட்டு வந்தது,
ரொம்ப மெதுவாக.

மற்றக் கை சட்டைப்பைக்குள் இருந்தது.
அதில் ஒரு போல்ட்,
எங்கே கழற்றினேன் என்று தெரியவில்லை,
விரல் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக
வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது.
அதை அவளிடம் சொல்லவில்லை.