சீட்டின் பின்பக்கம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
எதிரும் புதிருமாய் ரெண்டு நகைக்கடை.
ஒன்றில் சாயா தருவார்கள்,
மற்றதில் நன்னாரி சர்பத்.
வெயிலில் சர்பத் நீட்டுகிற கைப்பக்கம் மனசு சாய்ந்துவிடும்,
அதனால் முதலில் சாயா.

கைப்பையில் ஆன்றோவின் மோதிர விரல் இருந்தது.
விரல் என்றால் அளவு.
ஆள் தோஹாவில்;
போன லீவில் அவன் தங்கை
ரப்பர் ஷீட்டின் ஓரத்தை நாடாபோல் கீறி
விரலில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்தது.
சாயா தந்த கடை பத்தொன்பது என்றது,
சர்பத் தந்த கடை இருபத்தொன்று.
"அவங்களுக்கு அளக்கத் தெரியாது மேடம்"
என்றார்கள், ரெண்டு இடத்திலும்.

ஆறு கிராம். கல் வேண்டாம்.
உள்பக்கம் என் பெயர், அவன் எழுதுகிற மாதிரி ஒரு 'ன்' குறைத்து.
சேதாரம் பதினாலு சதவீதம் என்றாள் அனிலா,
கழுத்து அட்டையில் பெயரும் படமும் தொங்க.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
பன்னிரண்டு என்றாள்.
"எழுதித் தாங்கோ."
ஆஸ்பத்திரி லேபில் வேலை எனக்கு,
வாயால் சொன்ன எண்ணை நம்பினால்
ஆளுக்கு வேறு ரத்தம் ஏற்றிவிடுவார்கள்.

ரோட்டைக் கடந்தேன்.
குலசேகரம் பஸ் ஒன்று உயிர்ப்பிச்சை போட்டது.
விபின்தாஸ் சீட்டை வாங்கினான்,
ஏழுக்குக் குறுக்கே கோடிழுத்த அந்தக் கையெழுத்தை
விலைச்சீட்டைப் பார்ப்பதைவிட நேரம் பார்த்தான்.
சீட்டைத் திருப்பி, பின்பக்கம்
பதினொன்று என்று எழுதினான்.

மறுபடி ரோடு, மறுபடி சாயா.
பத்தரை என்று எழுதியவள்
கீழே பொடியாய் இன்னொரு வரி எழுதினாள்.
ஏதோ ஆஃபர் விவரம் என்று நினைத்தேன்.
பாலத்தூண் நிழலில் நின்று வாசித்தால்:
'மீன் மரச்சீனிக்கு அடியிலெ இருக்கு.
இண்ணைக்காவது தின்னணும்.'

நேற்றுவரை எனக்குத் தெரியாது
பேரம் பேசுகிறவள் தபால்காரியும்தான் என்று.

எதிர்க்கடையில் பதில் எழுதினான்:
பத்து சதவீதம்.
'தின்னேன். ஆறரை பஸ்ஸா, ஏழா?'
கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம்
மேனேஜர் கழுத்தை நீட்டினார்.
"கஸ்டமர் என்ன கேக்கியாங்க தாஸ்?"
"சேதாரம்தான் சார்."

ரெண்டு கடைக்கும் நடுவே
என்னை வைத்து ஒரு குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.
அரை சதவீதம் என்றால் எனக்கு முன்னூறு ரூபாய்க்குள்.
அவர்களுக்கு என்னவென்று நான் கணக்குப் போடவில்லை;
குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:
"இந்த மாசம் உங்க ரெண்டு பேர்ல யாருக்கு டார்கெட் பாக்கி?"

அவன் டிரேயில் இருந்த மோதிரங்களை
ஒவ்வொன்றாய் நேராக்கினான்.
பிறகு, பெட்டியைத் தாண்டி மேனேஜர் காதுவரை போகிற குரலில்,
"பதினொண்ணுக்குக் கொறச்சு முடியாது மேடம்.
வேணும்னா வேற எடத்துல பாருங்கோ."
சீட்டில் அவன் எழுதிய பத்து
இன்னும் மை காயாமல் இருந்தது.

சர்பத்தை முழுசாய்க் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அனிலாவிடம் பத்துக்கு முடிந்தது.
சைஸ் இருபது; சண்டைக்கு நடுவில் எடுத்தது.
பில் போட்டு, பை கொடுத்து, காலண்டர் கொடுத்து,
கடைசியில் கை நீட்டினாள்:
"அந்தச் சீட்டை மட்டும் தந்துட்டுப் போங்கோ மேடம்."
கொடுத்தேன்.
மடித்து அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.
"ஏழு மணி பஸ்தான்" என்றாள்,
நான் கேட்டதுபோல.

நிச்சயத்தன்று சர்ச்சில்,
ஐயர் ஜெபம் முடித்து, எல்லோரும் பார்க்க,
மோதிரம் ஆன்றோவின் விரல் மூட்டில் நின்றுவிட்டது.
தங்கை என்னைப் பார்த்தாள்.
அளந்த நாடா ரப்பர் என்பது
அப்போதுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் உறைத்தது.
பத்தொன்பதுமில்லை, இருபத்தொன்றுமில்லை.
அவன் பல்லைக் கடித்துக்கொண்டு
"தள்ளு" என்றான்.
தள்ளினேன்.