ஆளுக்குப் பத்து

இரண்டு ஃபைபர் படகுகளை ஒட்டிக் கட்டி
மேலே பலகை அடித்திருந்தார்கள்.
"முன்சக்கரம் அந்தக் கறுப்புப் பலகை மேல,
வா, வா, இன்னும் ஒரு சாண், போதும்!"
கத்தினார் தேசப்பன்.
கை பிரேக்கை இழுத்தேன். நம்பாமல்
நாலு சக்கரத்துக்கும் செங்கல் கொடுத்தார்.
காருக்கு இருநூறு.
உள்ளே இருக்கும் ஆளுக்குக் காசில்லை.

ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு மொபெட்,
மூங்கில் கூண்டில் ஆறு கோழி,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்,
எல்லாரும் என் இண்டிகாவின் மேல் சாய்ந்து நின்றார்கள்.
பானெட்டில் கன்னம் வைத்த ஒரு சிறுமி
"காய்ச்சலா இதுக்கு?" என்றாள்.
கடலூர் முழுக்கச் சுற்றி வந்த சூடு.

முதுநகர் விலகியது.
ஐஸ் ஃபேக்டரிச் சுவர்,
வெளுத்துப்போன ஒரு கட்சிக் கொடி,
சிப்காட் பக்கமிருந்து எப்போதும் வரும் அந்த வாடை.
சாவி என் சட்டைப் பையில் இருந்தது.
எஞ்சின் அணைந்திருந்தது.
ஆனாலும் கண்ணாடிக்கு வெளியே
உலகம் போய்க்கொண்டிருந்தது,
மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்தில்
ஒரு கிலோமீட்டர்கூட ஏறாமல்.

பதினோரு வருடம்.
திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில்
இரவு ரயிலுக்காக எத்தனை தூக்கம்.
பின்சீட்டில் யாரோ வைத்த சிகரெட் ஓட்டை.
ஜிப்மரிலிருந்து ஆலப்பாக்கம் வரை
ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர்
இறங்கும்போது சொன்னார்:
"ரேடியோவ நிறுத்தாத, அது பாட்டுக்கு ஓடட்டும்."
அந்த ராத்திரி வீடு வரும்வரை நான் நிறுத்தவில்லை.

நடு ஆற்றில் ஒரு விசைப்படகு குறுக்கே போனது.
அலை வந்து மோதி, பலகை சாய்ந்து,
கோழிகள் கூவி, பிள்ளைகள் சிரித்து,
என் வலது கால் பிரேக்கை முழுசாக மிதித்தது.
உப்பனாறு நிற்கவில்லை.

கரையில் எலுமிச்சம்பழம் நாலோடு
நின்றிருந்தாள் அஞ்சலாட்சி.
நண்டு வியாபாரம். விரலெல்லாம் கொடுக்கு கீறிய தழும்பு.
அந்த விரலால்தான் எண்ணித் தந்தாள் மீதிப் பணத்தை,
ஈரமான நோட்டுகள், எச்சில் தொடாமலே பிரிந்தன.
திட்டில் தார் ரோடு எழுநூறு மீட்டர்.
கோயிலில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டியில் முடிகிறது.
"மூணாவது கியர் போடறதுக்குள்ள
ஊரு முடிஞ்சிடுமேம்மா, எதுக்கு கார்?"
சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தபடி
நிமிராமல் சொன்னாள்:
"வீட்ல ஒம்போது பேரு.
உள்ள போயி சாத்திக்க ஒரு கதவு வேணும்ப்பா."

நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின.

ரிவர்ஸ் போட்டுக் காட்டினேன்.
வைப்பர், ஹாரன், ஸ்டெப்னி, எல்லாம் காட்டினேன்.
சாவியைக் கொடுக்கும்போது
வளையத்தில் என் வீட்டுச் சாவியும் இருந்தது.
கழற்ற வரவில்லை. அவளே பல்லால் கழற்றித் தந்தாள்.

திரும்பும் படகில் வெறும் பலகை.
நாலு செங்கல் அங்கேயே கிடந்தது.
எங்கே நிற்பது என்று தெரியாமல்
கார் நின்ற இடத்தில் நின்றேன்.
"ஆளுக்குப் பத்து" என்றார் தேசப்பன்.
சட்டைப் பை நிறைய ஐந்நூறு ரூபாய் நோட்டு,
பத்து ரூபாய் இல்லை.
"நாளைக்குக் குடு."
நாளைக்கு நான் ஏன் இங்கே வரப்போகிறேன்?

இருட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே
சின்னதாய் மஞ்சள் வெளிச்சம்.
கதவு சரியாகச் சாத்தாவிட்டால் எரியும் மேல்விளக்கு.
பின் இடது கதவை
இரண்டு தடவை அடிக்கணும், முதல் தடவை பிடிக்காது.
சொல்ல மறந்துவிட்டேன்.
தேசப்பனைத் திருப்பச் சொல்லலாமா என்று வாயெடுத்தபோது
தண்ணீரைத் தாண்டி ஒரு சத்தம்.
பிறகு இன்னொன்று.
விளக்கு அணைந்தது.