பாலிதீன் சதுரம்

பள்ளத்தூருக்கு வந்து பள்ளம் தோண்டச் சொன்னார் பெரிச்சியப்பன்.
பன்னிரண்டடி ஆழம். இரண்டு அறை, ஒரு குளியலறை, தலைக்குமேல் புல்.
"வெயில் தாங்கல மேரி, பூமிக்குள்ள போயிர்றேன்."
முப்பது வருஷம் ஈப்போவில் இருந்தவர்,
வெயில் அங்கே மட்டும் என்னவாம்.
ஊர்ப்பெயரை ஒருதரம் நிறுத்தி வாசியுங்கள் என்று
சொல்லியிருக்கலாம் நான்.
கூலி பேசும்போது அதெல்லாம் வாயில் வராது.

பிறகுதான் தெரிந்தது:
பெரிய வீட்டுக்கு இருபத்தேழு பங்காளிகள்.
கொல்லையில் அவர் பங்குக்கு எட்டு சென்ட்.
மேலே ஒரு செங்கல் எழும்பினாலும் கேஸ்.
கீழே போவதைப் பற்றிப் பத்திரத்தில்
ஒரு வரியும் இல்லை.

மதலைமேரி, நீர்த்தடுப்பு வேலைகள்
என்று அச்சடித்து வைத்திருக்கிறேன்.
பெயர் மட்டும் உண்மை.
தண்ணீரை யார் தடுத்தார்கள்?
இந்தப் பக்கம் போயேன் என்று கேட்டுக்கொள்ளலாம்,
அவ்வளவுதான்.

மேல் ஆறடி செம்புறை.
அதன்கீழ் களி,
சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விடாதது.
செம்புறையில் இறங்குகிற மழை
களிமேல் வந்து நிற்கும்.
நிற்கிற தண்ணீர் சும்மா நிற்காது,
சுவரில் சாயும்.
அடிக்கு அடி எடை கூடும் அதற்கு.

சுவருக்கு வெளியே தார்ஷீட்டைச் சூடுகாட்டி ஒட்டினோம்,
இரண்டு அடுக்கு, மூட்டுக்கு மூட்டு மாற்றி.
அடியில் துளைபோட்ட பைப், சுற்றிலும் ஜல்லி,
ஜல்லிக்கு மேலே வடிதுணி.
துளை கீழே பார்க்க வேண்டும்.
சூசை மேலே பார்த்துப் போட்டிருந்தான்.
நாற்பதடியையும் பிடுங்கினோம், அன்றைக்குப் பார்த்து
நாற்பத்தோரு டிகிரி.

பைப்பின் மறுமுனை எங்கே?
அதை மட்டும் யாரும் பிளானில் வரைவதில்லை.
ஊருணியில் விடலாம் என்றார்.
டியூப் பிடித்துப் பார்த்தேன்.
ஊருணித் தரையே
அவர் கட்டிலைவிட மூன்றடி உயரத்தில் இருந்தது.
குழி வெட்டி, பம்ப் வைத்து, பம்புக்கு இன்வெர்ட்டர் வைத்து
ஒருவழியாய் மேலே ஏற்றினோம்.

ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் கொட்டியது.
பம்ப் இரவெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.
உள்ளே ஒரு சொட்டு இல்லை.
ஊருணியில் முழங்கால் அளவு நின்றது,
தங்கள் நிலத்துத் தண்ணீர் என்று
ஒரு பங்காளி மனு கொடுத்தார்.

கார்த்திகை பிறந்து விடிகாலை ஐந்து மணிக்கு போன்.
"மேரி, வடக்குச் சுவர் வேர்க்குது."
வார்த்தையை அவர் சரியாகத்தான் சொன்னார்.
நான்தான் ஒழுகுது என்று காதில் வாங்கினேன்.
துளையிட்டுக் கலவை ஏற்றினேன். திரும்பவும் ஏற்றினேன்.
என் கைக்காசு ஒன்பதாயிரம்.
சுவர் அப்படியே வேர்த்தது.

கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்.
இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன்,
நாலு ஓரமும் டேப், சுவரோடு சுவராக.
விடிந்து பார்ப்போம்.
உள்முகம் நனைந்திருந்தால் மண்.
வெளிமுகம் நனைந்திருந்தால்...
விடிந்ததும் வெளிமுகத்தில்தான்
கடுகு கடுகாய் நின்றது.
கிழித்தேன். பின்னால் சுவர்
அப்பளமாய்க் காய்ந்து கிடந்தது.

"மண்ணு இல்ல சார். நீங்கதான்."

ஜன்னல் இல்லாத குளிர்ந்த சுவர்.
உள்ளேயே கொடி கட்டிக் காயும் வேட்டிகள்.
உள்ளேயே வேகும் சோறு.
ராத்திரி முழுக்க ஒரு மனுஷன் விடுகிற மூச்சு
அரைச் சொம்புத் தண்ணீர்.
எத்தனை நாளாச்சு மேலே ஏறி வந்து என்று கேட்டேன்.
விரலை மடக்கினார், பாதியில் விட்டுவிட்டார்.
"ஏறினா அவனுக மூஞ்சியிலதானே முழிக்கணும்."

ஆறங்குலக் குழாய் ஒன்று, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.
புல்லுக்கு மேலே பதினெட்டு அங்குலம் வந்தே ஆக வேண்டும்,
குறைத்தால் மழை இறங்கும்.
வக்கீல் நோட்டீஸ் அதைக் கட்டுமானம் என்கிறது.
சாட்சிப் பட்டியலில் என் பெயர்,
அதிலும் எழுத்துப்பிழை.

பாக்கி வாங்கப் போன காலையில்
குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.
வெதுவெதுப்புக்கு எனக்கு முன்னாலேயே
ஒரு ஓணான் வந்து உட்கார்ந்திருந்தது.