நாற்பத்தொன்றாம் இறக்கம்

பள்ளிக்கரணை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே சதுப்பு, அதற்கப்பால் குப்பைமேடு,
மேட்டுக்கு மேல் பருந்துகள்.
என் திரையில் வங்கக்கடல்
ஒற்றைக் கோடாக, மேலிருந்து கீழாக.

கோட்டைச் சுத்தம் செய்வது என் வேலை.
பொய்த் துடிப்பை வெட்டுவேன், மெய்யை விடுவேன்.
எது எதுவென்று கேட்காதீர்கள்.
பதினோரு வருடமாக அதைத்தான்
நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கருவி ஓர் ஆளுயரக் குழாய்,
மூக்கில் அரிசிமணி போல இரண்டு ஊசி.
தானாக விழ வேண்டும் அது.
கயிறு இறுகினால்
கயிற்றின் நடுக்கத்தை எழுதிவிடும்.
தளர்ந்திருந்தால்தான் தண்ணீர் பேசும்.

பெரும்பாலும் பேசாது.
அந்த ஆழத்தில் ஒரு கிலோ தண்ணீரின் கொந்தளிப்பு
ஒரு வாட்டை நூறு கோடியாய்க் கிழித்ததில்
ஒரு கிழிசல்.
ஒரு கொசு அதை வைத்துச் சிறகசைக்க முடியாது.
அந்தக் கிழிசல்களைப் பிடித்துக்கொண்டுதான்
அடிக்கடலின் குளிர்
சாண் சாணாக ஏறுகிறது.
வெயிலைப் பார்க்க
ஆயிரம் வருடம் ஆகுமாம்.

எங்கள் கடல் இன்னும் பிடிவாதம்.
வடக்கே ஆறுகள் கொட்டிய நன்னீர்
உப்பின் மேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறது.
புயல் தட்டினால் எழும்.
சில புயலுக்குப் புரண்டு மட்டும் படுக்கும்.

நாற்பத்தொன்றாம் இறக்கம்,
ஜனவரி, இரவு இரண்டு பத்து.
அறுநூற்று முப்பதாவது மீட்டரில்
கோடு திடீரென்று முட்புதர்.
சுற்றியிருப்பதைப் போல ஆயிரம் மடங்கு.

"கயிறு இழுத்திருக்கும், வெட்டிடு" என்றார் யுவராணி.

வெட்டும் முன் ஒரு போன்.
தேசப்பன், வின்ச் ஆள். காசிமேட்டில் இருந்தார்,
பின்னால் மீன் ஏலம்.
"அன்னிக்கு ராத்திரி கயிறு இறுகிச்சாண்ணே?"
"எந்த ராத்திரி மேடம்?"
"ரெண்டு மணி. நாப்பத்தொண்ணு."
கொஞ்ச நேரம் வெறும் ஏலம்.
வஞ்சிரம் எண்ணூறு, எண்ணூத்தம்பது.
"இல்ல மேடம். தொளதொளன்னு வுட்டிருந்தேன்,
ரெண்டு வெரல்லதான் புடிச்சிருந்தேன்.
அன்னிக்குக் கடலு கண்ணாடியாட்டம் கெடந்துச்சு.
இம்மாஞ் சும்மா இருக்குதேன்னு
பயமா இருந்துச்சு. அதான் ஞாபகம்."

கண்ணாடிக்குக் கீழே
கனத்த தண்ணீர் லேசான தண்ணீரின் தோளில்
ஏறி நின்றிருக்கிறது.
பத்து நிமிடம் இருக்கலாம்.
அந்தமான் பக்கம் ஏதோ மேட்டில் இடறிய அலை
மேலே யாருக்கும் தெரியாமல்
நாள்கணக்கில் நடந்துவந்து
அவருடைய இரண்டு விரலுக்கு நேர் கீழே
முறிந்திருக்கலாம்.
இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

வெட்டவில்லை.
குறிப்புப் பத்தியில்: கயிறு தளர்வு, சாட்சி உண்டு.

யுவராணி சராசரி போட்டார், திரும்பப் போட்டார்.
மற்ற நாற்பதையும் கூட்டி வைத்தாலும்
இந்த ஒன்றின் இடுப்புக்கு வரவில்லை.
"ஒண்ணே ஒண்ண நம்பி எப்படிப்பா எழுதுறது?"
எனக்கும் தெரியவில்லை.
கடல் அப்படித்தான் நம்பியிருக்கிறது போல.

வேளச்சேரியில் எங்கள் வாசலில் தண்ணீர் லாரி.
சம்ப்பில் ஏற்கெனவே போர்த் தண்ணீர், கரிக்கும்.
காசு கொடுத்து வாங்குவது அதன்மேல் மிதக்கும்.
மோட்டாரோ அடியிலிருந்து இழுக்கும்.
இரண்டாம் மாடி சுலைகா அக்கா
வாரம் தவறாமல் வாட்ஸப்பில் எழுதுவார்:
இன்னிக்கும் உப்பு.

லாரிப் பையனிடம்
குழாயை அடிவரை விடச் சொன்னேன்.
"எல்லாத் தண்ணியும் தண்ணிதானக்கா" என்றான்,
இருந்தாலும் விட்டான்.
மூடியைத் தள்ளிக் குனிந்து பார்த்தேன்.
குழாய் மட்டும் உதறிக்கொண்டிருந்தது.
நீர்மட்டத்தில் மாடிப்படி பல்பின் பிம்பம்
அவ்வளவாக அசையவில்லை.

கீழே என்ன நடக்கிறதென்று
நாளைக்குச் சுலைகா அக்கா சொல்வார்.