மீதி ஆறு டிகிரி

ரெட்டிச்சாவடி பால் ஆலையில்
கொதிகலன் என் பொறுப்பு.
எழுபத்திரண்டு டிகிரி, பதினைந்து நொடி:
பாலுக்கு எழுதிவைத்த விதி.
அந்த எழுபத்திரண்டுக்காக
ராத்திரி இரண்டரைக்கே சவுக்கு அடுக்குவேன்.
தானே புயல் அடித்துப்போட்ட வருஷம்
முந்திரியும் பலாவும்தான் வந்தன.
பலாக்கட்டை எரிந்தால்
புகையில்கூட ஒரு இனிப்பு இருக்கும்.
சொன்னேன், யாரும் நம்பவில்லை.

புதுச்சேரியிலிருந்து ரெஜினா என்றொரு பெண் வந்தாள்.
தணிக்கை என்றார்கள். கணக்குப் புத்தகம் கேட்கவில்லை.
சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவோடு
சுவர் சுவராக நடந்தாள்.
திரையில் எங்கள் ஆலை
தீமிதிக் குழியாகக் கிடந்தது.
உறை கிழிந்த நீராவிக் குழாய் சிவப்பு,
கசியும் வால்வு மஞ்சள்,
அம்மோனியா கம்ப்ரசரின் முதுகு
வெள்ளையாகப் பழுத்து.
ஓரத்தில் இன்னொரு சிவப்பு.
"அது நீங்கதான்ணே."

"ஒரு பக்கம் விறகு வாங்கிச் சுடவைக்கிறீங்க,
மறுபக்கம் கரண்டு வாங்கி ஆறவைக்கிறீங்க.
ரெண்டு பில்லும் ஒரே பாலுக்கு."
மேனேஜர் குலோத்துங்கன்
டீயைக் குடிக்காமல் வைத்தார்.
அது ஆறுவதையும் அவள் படம் பிடித்தாள்.

ஆடி கழிந்து தகடுகள் வந்தன.
நகத்தின் கனம்கூட இல்லாத எஃகு, நூற்றுப்பத்து.
ஒரு முகத்தில் சுட்டு முடித்த பால் இறங்கிப் போகும்,
மறுமுகத்தில் நாலு டிகிரிப் பால் ஏறி வரும்.
ஒரு சொட்டு கலக்காது.
போகிறது சூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறது,
வருகிறது அதை உடுத்திக்கொண்டு வருகிறது.
பழைய தகட்டில் நாற்பத்தைந்துதான் ஏறும்,
பாக்கி இருபத்தேழும் என் நெருப்பு.
இப்போது அறுபத்தாறில் வந்து நிற்கிறது பால்.
மீதி ஆறு டிகிரிக்குத்தான்
நானும் என் லைசென்சும்.

கம்ப்ரசர் சூட்டையும் விடவில்லை,
தண்ணீரில் பிடித்து டப்பு கழுவ விட்டார்கள்.
மார்கழியில் விரல் விறைத்துப்போகும் அஞ்சலாட்சி
முதல் நாள் குழாயடியில்
கையை எடுக்காமல் நின்றாள்.
"இது எந்த அடுப்பு?"
"அடுப்பே இல்ல. தயிர் ரூமைக் குளிரவெச்ச மிச்சம்."
"குளிர்லேர்ந்தா!" என்று சிரித்தாள்.
பலாப்புகைக்குப் பிறகு
என்னைப் பொய்யனாக்கிய இரண்டாவது விஷயம்.

பின்சுவரின் வெந்காற்றில் படுக்கிற செவலை நாய்
மூன்று நாள் வந்து
சிமெண்டை முகர்ந்து பார்த்தது.
நாலாம் நாள் வரவில்லை.

விறகு லாரி கலியமூர்த்திதான் விடாமல் கேட்டார்.
வாரம் நாலு லோடு இரண்டாகியிருந்தது.
"பால் கொறஞ்சிடுச்சா?"
"கூடியிருக்குங்க."
புகைபோக்கியையே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.
நாணமேட்டில் அவருக்கு ஒரு ஏக்கர் சவுக்கு
வெட்டுக்கு நிற்கிறது.
ரெஜினாவின் அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம்.
புரட்டிப் பார்த்துவிட்டேன்,
அந்த ஏக்கர் அதில் இல்லை.

குழாய்க்கெல்லாம் பஞ்சு சுற்றித்
தகரம் போர்த்திவிட்டார்கள்.
முன்பெல்லாம் தொட்டே தெரிந்துகொள்வேன்,
முழங்கையின் எட்டுத் தழும்பும் என் மீட்டர்கள்.
இப்போது உள்ளங்கையை வைத்தால்
குழாய் ஒன்றும் சொல்வதில்லை.

மூன்றேகால். முதல் பால் ஓடுகிறது.
முள் அறுபத்தாறைத் தொட்டு நடுங்குகிறது.
ஒரு கட்டை.
யோசித்து, இன்னொன்று.
கதவைச் சாத்துகிறேன்.